டேப் டிரைவ் வாரா வாரம் கிளீனிங் கேட்கிறதா? முதலில் அதன் சத்தத்தைக் கேளுங்கள்

கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்தும் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். நான்கு வருட வீடியோக்களையும் போட்டோக்களையும் டேப்பில் ஏற்றி வைத்துவிடலாம் என்று பெங்களூரு எஸ்பி ரோட்டில் பழைய எல்டிஓ-6 டிரைவ் ஒன்று (கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் காந்த டேப்பில் கம்ப்யூட்டர் டேட்டாவை எழுதும் கருவி, ஆறாம் தலைமுறை) வாங்கியிருக்கிறார். முதல் மாதம் நன்றாக ஓடியதாம். இப்போது கிளீனிங் விளக்கு வாரா வாரம் எரிகிறது, அவரும் வாரா வாரம் கிளீனிங் கார்ட்ரிட்ஜ் போடுகிறார், ஒரு டேப் நிரம்ப ஒரு பகலும் அரை ராத்திரியும் ஆகிறது, உள்ளே எதையோ முன்னும் பின்னும் இழுக்கிற மாதிரி சத்தம் வேறு. ஹெட் (டேப்பில் எழுதும், படிக்கும் பாகம்) தேய்ந்துவிட்டதா, விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

தம்பி, டிரைவைத் தூக்கிக்கொண்டு இப்போதைக்கு எங்கேயும் போக வேண்டாம். நீங்கள் சொன்ன அந்தச் சத்தமே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன், எல்டிஓ-3 காலத்திலிருந்து டேப் மாற்றிக்கொண்டிருக்கிறேன், இப்படி முன்னும் பின்னும் இழுக்கிற டிரைவ்கள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் டிரைவ் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு வந்து சேர வேண்டிய டேட்டாதான் போதுமான வேகத்தில் வரவில்லை. உங்கள் டிரைவ் பட்டினி கிடக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது அரை இன்ச் அகலமும் 846 மீட்டர் நீளமும் உள்ள டேப், தடிமன் ஆறு மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே. டிரைவ் ஒரே நேரத்தில் 16 டிராக் எழுதிக்கொண்டே கடைசி வரை போகும், அப்புறம் திரும்பி எதிர்த்திசையில் எழுதிக்கொண்டு வரும். இப்படிப் போவதும் வருவதுமாக மொத்தம் 136 ஓட்டம் ஓடினால்தான் டேப் நிரம்பும். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 115 கிலோமீட்டர் டேப் அந்த ஹெட்டை உரசிக்கொண்டு ஓடுகிறது, கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போய்ச் சேர்ந்த பிறகும் மிச்சம் இருக்கும். இது எல்லாம் சரியாக நடக்கும்போது. முழு வேகம் வினாடிக்கு 160 எம்பி, அந்த வேகத்தில் 2.5 டிபி டேப் நிரம்ப நாலேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். டேட்டா மெதுவாக வந்தால் டிரைவும் தன் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு, தயாரிப்பாளரைப் பொறுத்து 40 முதல் 54 எம்பி வரை. அதற்கும் கீழே போனால் ஓடிக்கொண்டிருக்கும் டேப்பை நிறுத்த வேண்டியதுதான். டேப் சைக்கிள் மாதிரி, பிரேக் பிடித்த இடத்திலேயே நிற்காது, கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிற்கும். அதனால் பின்னால் இழுத்து, விட்ட இடத்துக்கும் முன்னால் கொண்டுபோய், மறுபடி வேகம் பிடித்து, விட்ட இடம் வந்ததும் எழுத ஆரம்பிக்கும். நான்கு வினாடி எழுதும், மறுபடி டேட்டா தீர்ந்துபோகும், மறுபடி பின்னால். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத் துணியால் இழுத்து இழுத்துத் தேய்ப்பது போல இருப்பதால் இதற்கு ஷூ ஷைனிங் என்றே பெயர். 115 கிலோமீட்டர் ஓட வேண்டிய டேப் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஓடும், ஒரே இடம் திரும்பத் திரும்ப உரசும், டேப்பிலிருந்து உதிரும் நுண்ணிய தூள் ஹெட்டில் படியும், பிழைகள் கூடும், டிரைவ் கிளீனிங் கேட்கும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

சத்தத்தை வைத்து நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். ஸ்டுடியோவில் ஃபேனை நிறுத்திவிட்டு, எழுதிக்கொண்டிருக்கும்போது டிரைவ் பக்கத்தில் காதை வையுங்கள். நன்றாக ஓடும் டிரைவில் ஒரே சீரான "ஊஊஊ" என்ற இரைச்சல் ஒன்றரை இரண்டு நிமிடம் வரும், அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம், சுருதி கொஞ்சம் மாறி மறுபடி அதே இரைச்சல். அந்த நிறுத்தம் டேப் கடைசிக்குப் போய்த் திரும்புவது, அது இயல்பு. பட்டினி கிடக்கும் டிரைவில் "ஊஊ... டிக்... விர்ர்... டிக்... ஊஊ" என்று சில வினாடிக்கு ஒருமுறை உடைந்து உடைந்து வரும். ஒருமுறை வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் அடுத்த அறையில் இருந்தே சொல்லிவிடலாம்.

இப்போது டேட்டா எங்கே அடைபடுகிறது என்று பார்க்க வேண்டும். டேப்பை விட்டுவிடுங்கள், அதே ஃபோல்டரை ஒரு எஸ்எஸ்டிக்குக் காப்பி பண்ணி வேகத்தைக் கவனியுங்கள். கல்யாண வீடியோ, பெரிய பெரிய ஃபைல், ஓரளவு நல்ல ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் 100-க்கு மேல் வந்துவிடும். போட்டோ ஃபோல்டருக்குள் போனதும் பாருங்கள், ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் ஜேபெக், யுஎஸ்பி போர்ட்டபிள் டிஸ்க்கில் 30 எம்பிகூடத் தேறாது. டிரைவ் இழுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இருக்கும். அதே டிஸ்க்கில் இன்னொரு பக்கம் எடிட்டிங் ஓடிக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம், ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு கல்யாணத்தின் போட்டோக்களையும் முதலில் ஒரே டார் ஃபைலாக (பல ஃபைல்களை ஒரே மூட்டையாக்குவது) கட்டிவிடுங்கள், ஜேபெக்கும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, மறுபடி சுருக்க வேண்டாம், கட்டினால் போதும். (கார்ட்ரிட்ஜ் மேல் 6.25 டிபி என்று அச்சடித்திருப்பார்கள், அதை மறந்துவிடுங்கள், அது இரண்டரை மடங்கு சுருங்கும் டேட்டாவுக்கான கணக்கு, வீடியோவுக்கு 2.5 டிபிதான், விண்டோஸ் அதை 2.27 என்று காட்டும்.) யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்து நேராக டேப்புக்குப் போகாமல், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எஸ்டிக்கு முதலில் கொண்டுவாருங்கள். 1 டிபி எஸ்எஸ்டி இருந்தால் போதும், தவணை தவணையாக ஏற்றலாம். எழுதும்போது அந்த டிஸ்க்கை வேறு வேலைக்குத் தொடாதீர்கள். எல்டிஎஃப்எஸ் (டேப்பைச் சாதாரண டிஸ்க் மாதிரி ஃபோல்டர்களாகக் காட்டும் முறை) பயன்படுத்துகிறீர்கள் என்றால் இரண்டு ஃபோல்டரை ஒரே நேரத்தில் இழுத்துப் போடாதீர்கள், ஒன்று முடிந்து அடுத்தது. லினக்ஸில் டார் கொண்டு நேராக எழுதுகிறீர்கள் என்றால் அது தானாக எடுத்துக்கொள்ளும் 10 கேபி பிளாக் (ஒரு தடவைக்கு எழுதும் டேட்டா துண்டு) ரொம்பச் சின்னது, 256 கேபி ஆக்குங்கள், அந்த எண்ணை டேப் உறையிலேயே எழுதி வையுங்கள், படிக்கும்போது தேவைப்படும். நடுவில் டேட்டாவைச் சேர்த்து வைத்து அனுப்பும் எம்பஃபர் என்ற புரோகிராமைப் போட்டு, நினைவகத்தில் நாலைந்து ஜிபி சேர்ந்த பிறகே டேப்புக்கு அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைக்க என்ன கார்டு போட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ரெய்டு கார்டில் (பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் கார்டு) செருகியிருந்தால் மாற்றிவிடுங்கள், டேப்புக்குச் சாதாரண எஸ்ஏஎஸ் எச்பிஏ கார்டுதான் சரி.

சரி, கிளீனிங்குக்கு வருகிறேன், நீங்கள் வாரா வாரம் போடுவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கிளீனிங் டேப் ஹெட்டைத் தேய்த்துத்தான் சுத்தம் செய்கிறது, ஒவ்வொரு தடவையும் ஹெட்டிலும் கொஞ்சம் போகும். டிரைவ் கேட்டால் மட்டும் போட வேண்டும், கேட்டு ஒருமுறை போட்ட பிறகு இரண்டு நாளில் மறுபடி கேட்டால் இன்னொரு தடவை போடாமல் காரணத்தைத் தேட வேண்டும். ஒரு கிளீனிங் கார்ட்ரிட்ஜ் சுமார் 50 தடவைக்குத்தான் வரும், எத்தனை தடவை ஆனது என்பது அதன் சிப்பில் பதிவாகும், தீர்ந்துவிட்டால் டிரைவ் அதை வெளியே தள்ளிவிடும். நீங்கள் பழையதாக வாங்கிய கார்ட்ரிட்ஜ் என்றால் அதில் எத்தனை மிச்சம் என்று யாருக்குத் தெரியும், புதிது ஒன்று வாங்கி, போடும்போதெல்லாம் தேதியை உறையில் எழுதுங்கள். அப்புறம் ஒன்று, வீடியோத் தொழிலில் பழைய ஆட்கள் விஎச்எஸ் டெக்கைத் திறந்து பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பார்கள், உங்கள் கடையிலும் யாராவது அந்த யோசனை சொல்வார்கள். எல்டிஓ டிரைவில் அதைச் செய்யவே கூடாது. பஞ்சின் ஒரு நூல் மாட்டினால் போதும், ஹெட் போய்விடும்.

எந்த டேப் போடும்போது விளக்கு எரிகிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரே டேப்பில்தான் என்றால் அந்த டேப் கெட்டது, அதை ஓரம் கட்டுங்கள், ஏனென்றால் கெட்ட டேப் ஹெட்டை அழுக்காக்கும், அழுக்கான ஹெட் அடுத்த நல்ல டேப்பையும் பாழாக்கும். எல்லா டேப்பிலும் எரிந்தால்தான் டிரைவைச் சந்தேகப்பட வேண்டும். ஐபிஎம் டிரைவ் என்றால் ஐடிடிடி, எச்பி என்றால் லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ், இரண்டும் டிரைவைச் சோதிக்கும் மென்பொருள்கள், அந்தந்தக் கம்பெனியே தருகிறது, டிரைவ் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த டேப்பில் எத்தனை பிழை, டிரைவ் தரும் எச்சரிக்கைகளான டேப்அலர்ட்டில் என்ன பதிவாகியிருக்கிறது எல்லாம் அதில் தெரியும். உங்களிடம் இருப்பவை பழைய டேப்களா என்றும் பாருங்கள். ஏதோ ஆபீஸில் ஐந்தாறு வருடம் ஓடி, மொத்தமாக எடைக்குப் போட்ட டேப்கள் டிரைவோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கும், பழகிப் பார்க்க வைத்துக்கொள்ளலாம், ஊரார் கல்யாணத்தை அதில் ஏற்றாதீர்கள். காந்தம் வைத்து மொத்தமாக அழித்த டேப்பையும் வாங்காதீர்கள், ஹெட்டுக்கு வழிகாட்டும் சர்வோ கோடுகள் தொழிற்சாலையிலேயே எழுதப்படுபவை, அவை அழிந்தால் அந்த டேப்பை எந்த டிரைவாலும் காப்பாற்ற முடியாது.

தூசி. நம் பக்கத்தில் இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது, கிரானைட் அறுக்கும் பட்டறைகளும் சாலையோரக் கடைகளும் இருக்கிற ஊர். தனிப் பெட்டியாக வரும் டிரைவில் பின்னால் ஒரு சின்ன ஃபேன் இருக்கும், அது முன்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து டிரைவ் ஊடாகவே வெளியே விடும், ஆகவே தரையில் வைத்தால் நடக்கிறவர்கள் கிளப்பும் தூசி அத்தனையும் டேப் இருக்கும் இடம் வழியாகத்தான் போகும். மேசை உயரத்துக்காவது தூக்கி வையுங்கள், லேசர் பிரின்டர் பக்கத்தில் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது டிரைவை நிறுத்திவிடுங்கள், புகை அடங்கி அரை மணி நேரம் ஆன பிறகு போடுங்கள். தெரிந்தவர் ஒருவரின் ஆபீஸில் மாதம் நான்கைந்து தடவை கிளீனிங் கேட்ட டிரைவ், பூஜை அலமாரியிலிருந்து தள்ளி உள் அறைக்கு மாற்றிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது நம் வழக்கம், நானும் வைக்கிறேன், பெட்டியின் மேல்பக்கம் பின்னால் வையுங்கள், டேப் போகும் வாய்க்கு மேலே வேண்டாம், காய்ந்ததும் பொடியாக உதிரும்.

வெயிலும் அப்படித்தான். டேப்பை நீண்ட நாள் வைக்க 16 முதல் 25 டிகிரியும், ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதமும் நல்லது. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரியில் பைக் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெளியே இருந்து கொண்டுவந்த டேப்பை உடனே டிரைவில் தள்ளாமல் ஒரு நாள் ஏசி அறையில் கிடக்க விடுங்கள். படுக்கப் போட்டு அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். லேபிளை அதற்கென்று உள்ள பள்ளத்தில் மட்டும் ஒட்டுங்கள், வேறு இடத்தில் ஒட்டினால் கோந்து இளகி உள்ளேயே உரிந்துவிடும்.

டேப் கீழே விழுந்தால் நேராக டிரைவில் போடாதீர்கள், இதை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். கையில் எடுத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே கடகடவென்று ஏதாவது உருண்டால் அதை டிரைவுக்குக் காட்டவே கூடாது. சத்தம் இல்லை என்றால், ஒரு ஓரத்தில் சின்னக் கதவு ஒன்று இருக்கும், விரல் நகத்தால் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே குண்டூசித் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிய உலோகக் கம்பி ஒன்று செங்குத்தாக நிற்கும், அதுதான் லீடர் பின், டேப்பின் நுனி அதில் மாட்டியிருக்கும், டிரைவ் அதைப் பிடித்துத்தான் டேப்பை வெளியே இழுக்கிறது. கம்பியின் மேல் முனையும் கீழ் முனையும் அதனதன் கிளிப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு முனை விலகிச் சாய்ந்திருந்தால்கூடப் போடாதீர்கள், டிரைவ் பிடிக்க முடியாமல் தவிக்கும், அல்லது பாதியில் விட்டுவிடும், அப்புறம் டிரைவைத் திறந்துதான் டேப்பை எடுக்க வேண்டும்.

கரண்டைப் பற்றி: கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருந்து டிரைவ் தனி பிளக்கில் இருந்தால் பயன் இல்லை, இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். கோடை மழைக்கு முன் ஒரு காற்று அடித்தால் கரண்ட் போகும் ஊர் இது. எழுதும்போது நின்றுவிட்டால் டேப் கார்ட்ரிட்ஜை விட்டு வெளியே, டிரைவுக்குள்ளேயே சுற்றிக் கிடக்கும். கரண்ட் வந்ததும் டிரைவ் தானாகவே அதைப் பின்னால் சுற்ற ஆரம்பிக்கும், சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் பட்டனை அமுக்கியோ ஸ்க்ரூ டிரைவர் விட்டோ இழுக்காதீர்கள். எல்டிஎஃப்எஸ்ஸில் கடைசியாக எழுதியவற்றின் அட்டவணை டேப்பில் ஏறாமல் போயிருக்கலாம், அதைச் சோதிக்கும் எல்டிஎஃப்எஸ்சிகே புரோகிராமை ஓட்டிச் சரிபாருங்கள். கரண்ட் போகாத நாளிலும் முறையாக இஜெக்ட் கொடுத்து, டேப் வெளியே வந்த பிறகே டிரைவை நிறுத்துங்கள், ராத்திரி டேப்பை உள்ளேயே விடாதீர்கள். நிரம்பிய டேப்பின் மேல் மறுபடி எழுதிவிடாமல் இருக்க அதன் பூட்டுப் பட்டனைத் தள்ளிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எனக்கு நடந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில், 2012 வாக்கில், ஞாயிறுதோறும் மூன்று ஃபோல்டர்களை டேப்புக்கு அனுப்ப நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: கணக்கு, டிராயிங், சம்பளம். எட்டு மாதம் வாரா வாரம் பச்சை விளக்கு, பிழையே இல்லை. ஒருநாள் யாரோ டிராயிங் ஃபோல்டரை அழித்துவிட்டார்கள், பதற்றமே இல்லாமல் போய் டேப்பைப் போட்டேன். அதில் சம்பள ஃபோல்டர் மட்டும் இருந்தது. முந்தின வாரத்து டேப்பிலும் சம்பளம் மட்டும். லினக்ஸில் ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு, எஸ்டி0 என்று எழுதினால் ஒவ்வொரு வேலை முடிந்ததும் டேப் ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும், என்எஸ்டி0 என்று எழுதினால் நின்ற இடத்திலேயே நிற்கும். நான் முதல் பெயரை எழுதியிருந்தேன். கணக்கு எழுதிச் சுற்றியது, அதன் மேலேயே டிராயிங், அதன் மேலேயே சம்பளம். மேலே எழுதிய டேட்டா முடிந்த இடத்தில் டிரைவ் ஒரு முடிவுக் குறி போட்டுவிடும், அதற்கு அப்பால் பழையது கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் தாண்டிப் போகாது. பதினோரு நாள், ஒவ்வொரு டிராஃப்ட்ஸ்மேனின் கம்ப்யூட்டராகப் போய்ப் பழைய பிரதிகளைப் பொறுக்கினோம், கொஞ்சம் கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து மாதம் ஒரு டேப்பைக் கண்ணை மூடி எடுத்து, ஒரு ஃபோல்டரை வேறு கம்ப்யூட்டரில் திருப்பி எடுத்து, ஃபைலைத் திறந்து பார்க்காமல் விடுவதில்லை. நீங்களும் எழுதும்போதே எம்டி5 பட்டியல் (ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு எண்) ஒன்று எடுத்து வைத்து, திருப்பி எடுத்ததை அதோடு ஒப்பிடுங்கள், வீடியோவையும் நடுவில் நாலு இடத்தில் ஓட்டிப் பாருங்கள்.

டேப் எதற்கு, ஹார்ட் டிஸ்க் போதாதா என்று உங்கள் பார்ட்னர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் ஒரு பகுதிப் பயனர்களின் மெயில்கள் மறைந்தபோது, பல இடங்களில் இருந்த பிரதிகளும் அதே பிழையில் அடிபட்டன, கூகுள் கடைசியில் டேப்பிலிருந்துதான் அவற்றைத் திருப்பி எடுத்தது. அலமாரியில் இருக்கும் டேப்பை வைரஸும் தொடாது, தவறி அமுக்கும் டிலீட்டும் தொடாது. ஆனால் ஒரே பிரதி வேண்டாம், ஒவ்வொரு டேப்புக்கும் இரட்டை எழுதி ஒன்றைத் தர்மபுரியில் உங்கள் மாமனார் வீட்டு பீரோவில் வையுங்கள். எந்தக் கல்யாணம் எந்த டேப்பில் என்ற பட்டியல் காகிதத்திலும் இருக்கட்டும்.

பிற்காலத்தில் டிரைவ் மாற்றும்போது கவனம். எல்டிஓ-6 டேப்பை எல்டிஓ-7 டிரைவ் படிக்கும், எல்டிஓ-8 படிக்காது. மலிவாகக் கிடைக்கிறது என்று நேராக எட்டுக்குப் போனால் இப்போது எழுதுவதெல்லாம் அதில் திறக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். புது எல்டிஓ-6 டேப் ஒன்று, புது கிளீனிங் கார்ட்ரிட்ஜ் ஒன்று. ஒரே ஒரு தடவை கிளீனிங், அப்புறம் எஸ்எஸ்டியிலிருந்து 500 ஜிபி வீடியோ, வேறு எந்த வேலையும் ஓடாமல். ஒரு மணி நேரத்துக்குள் சீரான இரைச்சலோடு முடிந்தால் டிரைவ் நன்றாக இருக்கிறது, மேலே சொன்ன மாதிரி ஓட்டுங்கள். அப்படியும் உடைந்து உடைந்து ஓடினாலோ, விளக்கு எரிந்தாலோ, டூலில் பிழைப் பதிவை ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள், டிரைவ் ஓடிய மொத்த மணி நேரமும் அதில் இருக்கும். விற்றவரிடம் போகும்போது அந்த ஃபைலோடு போங்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.